இரண்டு பிரதம மந்திரிகளும் என் வியாதியும்

மனநோய் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வந்தவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "வாத்தியாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று என் மனைவி பாக்கியத்திடம் விசாரிக்கிறார்கள். மாடு வாங்க வருகிறவன்கூட மாட்டின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வான். ஆகையால் என்னிடம் கேட்கப்படாத கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன். இதில் அழகான சங்கதி அதிகம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வருவது நல்லது.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் வாத்தியார். பாடசாலை என்றால் தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஐந்து வகுப்புகளும் அதற்குள் ஒரே நேரத்தில் கத்தும். தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர்கள், ஆடு உள்ளே வந்தால் விரட்டுகிறவர் ஆகிய எல்லாப் பதவிகளையும் நான் ஒருவனே வகித்தேன். பக்கத்தில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் பாக்கியமும் நானும், மற்றதில் புத்தகங்கள். என் வியாதிக்கு அந்தப் புத்தகங்கள்தான் காரணம் என்பது தேயிலைத் தூள் தயாரிக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் என் மைத்துனன் ராமையாவின் ஆராய்ச்சி முடிவு. அவன் வாழ்நாளில் எந்தப் புத்தகத்தையும் தொட்டதில்லை. நோயும் அவனை அண்டியதில்லை. ஆகவே அவனோடு வாதாட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

முதலில் வந்தது ஒரு குரல். கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "வாத்தியார் இப்போது கணக்கு எழுதுகிறார்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். முன் வரிசையில் ஒருவன் மூக்கைத் துழாவிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியவர் யாரும் இல்லை. மறுநாள் பல் விளக்கும்போது, "வாத்தியார் பல் விளக்குகிறார். திருப்தியாக இல்லை" என்றது அதே குரல். சுத்தமான, உலர்ந்த குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு பெருமூச்சு. வருஷத்துக்கு ஒரு முறை ஜீப்பில் வந்து, என் பாடசாலையை மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போகும் இன்ஸ்பெக்டர்களின் வர்க்கத்தைச் சேர்ந்த குரல். ஆகவே அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர் வைத்தேன்.

அவர் தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். கூடவே சந்தேகங்களையும் அழைத்து வந்தார். பிள்ளைகளை யாரோ என்னை வேவு பார்க்க அனுப்பியிருப்பதாகப் பட்டது. பாக்கியம் கொடுத்த தேநீரில் ஏதோ கலந்திருந்தது. அவள் முன்னால் குடிப்பதுபோல் நடித்து, பின்னால் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். வீட்டுச் சோற்றை விட்டுவிட்டுப் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கொய்யாமரத்தில் காய் பறித்துத் தின்றேன். குளிப்பதை நிறுத்தினேன். நான் நாறினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் நாறுகிறது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று சிவப்புத் தண்ணீர், மற்றது பேதிமருந்து. எனக்குப் பேதிமருந்து கிடைத்தது. வயிறு சுத்தமாயிற்று. இன்ஸ்பெக்டர் போகவில்லை. கக்கூஸ் வரைக்கும் கூடவே வந்து, அங்கேயும் தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்.

அடுத்து ராமையா ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தான். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற மனிதர். வாயில் சாராய நெடி, கையில் வேப்பிலைக் கொத்து. என் முகத்தில் சாம்பலை அப்பி, அந்தக் கொத்தால் அடித்து, "யாரு நீ? எந்தத் தெச? பேரச் சொல்லிட்டுப் போறியா இல்லையா?" என்று என்னுள்ளே இருந்தவரை அதட்டினார்.

"பாடசாலை இன்ஸ்பெக்டர்" என்றேன்.

உடுக்கை நின்றுவிட்டது. காட்டேரிக்கும் முனிக்கும் அவரிடம் வழி இருந்தது. அரசாங்க உத்தியோகஸ்தரை விரட்ட அவர் எங்கேயும் படித்திருக்கவில்லை. "இது ஆஸ்பத்திரிக் கேசு, தம்பி" என்று ராமையாவிடம் சொல்லிவிட்டுச் காணிக்கைக்கு வைத்திருந்த சேவலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் என்னைச் சோதித்தவர்களில் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாங்குப் பலகையில் எனக்கு இந்தப் பக்கம் காலில் புண் உள்ளவர், அந்தப் பக்கம் சீழ் வடியும் காதோடு ஒரு பெண். ஈக்கள் எங்கள் மூன்று பேரிடமும் பேதமில்லாமல் பழகின. டாக்டர் எல்லாவற்றையும் ராமையாவிடம் கேட்டார். ராமையா எல்லாவற்றையும் சொன்னான், புத்தகங்கள் உட்பட. சில நாட்களில் ஒரு கான்ஸ்டபிளின் துணையோடு ரயிலேற்றி, கொழும்புப் பக்கத்திலுள்ள ஒரு பெரிய மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பாக்கியம் ஸ்டேஷனில் என் சட்டைப் பித்தானைப் பூட்டிவிட்டாள். அதற்காக அவளைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

வியாதியின் பெயரை அங்கேதான் கேட்டேன். ஸ்கிஸோஃபிரீனியா. பிளவுபட்ட மனம் என்று அர்த்தமாம். ஒரு உடம்பில் இரண்டு மனிதர்கள் இருப்பதாக இதைக் கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மனிதன் ஒருவன்தான். அவன் நினைப்பும், காதில் விழுவதும், மனதில் படுவதும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கழன்று நிற்கும். இல்லாத குரல் கேட்கும், இல்லாத சதி தெரியும். இருக்கிற மனைவி தெரியமாட்டாள். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. டாக்டர்களுக்கும் இதைவிட அதிகமாக விளங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லவும் குமட்டுகிறது. ஒரே மண்டபத்தில் கட்டில்கள் இடித்துக்கொண்டு கிடந்தன. என் போர்வையில் எனக்கு முன் படுத்தவரின் மூத்திரமும், அவருக்கு முன் படுத்தவருடையதும் அடுக்கடுக்காக மணத்தன. அதன்மேல் பினாயில். எங்களை வரிசையாக அம்மணமாக நிறுத்தித் தொட்டித் தண்ணீரை வாளியால் வீசுவார்கள். சவரத்துக்கு ஒரே பிளேடு, வார்டு முழுவதற்கும். வரிசையில் பின்னால் நிற்பவனுக்குப் பிளேடோடு முன்னால் நின்றவர்களின் இரத்தமும் கிடைக்கும். நான் தாடி வளர்த்தேன். தாடியில் பேன் வந்தது. பிறகு நானாகவே போய் வரிசையில் நின்றேன்.

வைத்தியம் இரண்டு வகை. இன்சுலின் ஊசி போட்டு இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்குவார்கள். வியர்த்துக் கொட்டி, நடுங்கி, நினைவு தப்பும். அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மூக்கு வழியே குழாய் செருகிச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி எழுப்புவார்கள். எழும்போது மேலெல்லாம் வியர்வையும் எச்சிலும் சர்க்கரைப் பிசுக்குமாக இருக்கும். எறும்புகள் டாக்டருக்கு முன்னால் வந்துவிடும். மற்றது மின்சாரம். வாயில் ரப்பர்த் துண்டைக் கடிக்கக் கொடுத்து, நெற்றிப் பொட்டுகளில் மின்சாரம் பாய்ச்சி, வலிப்பு வரவழைப்பார்கள். அந்த ரப்பரில் ஏற்கெனவே பலருடைய பற்களின் பதிவு இருந்தது. மின்சாரத்தைவிட அந்த ரப்பர்தான் எனக்குப் பயங்கரமாக இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

பக்கத்துக் கட்டில் சில்வா, பழைய ரயில்வே சிக்னல்காரர். பல வருஷமாக அங்கே இருந்தார். யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். கொடுத்ததைத் தின்பார், சொன்ன இடத்தில் உட்காருவார், ஈ உதட்டில் உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டார். சுற்றி வரும் டாக்டர் அவர் கட்டிலுக்கு வந்ததும், "மிகவும் நன்றாக இருக்கிறார்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நகர்வார். சில்வாவைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. அங்கே சட்டம் அப்படி. டாக்டர்கள் குழு சுகம் என்று சொல்ல வேண்டும், வீட்டாரும் வந்து பொறுப்பேற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கட்டில் நிரந்தரம். நன்றாக இருப்பது என்றால் அந்த ஈயோடு இருப்பது என்று புரிந்த அன்று, எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது. வேறு எதையும் நான் கேட்கவில்லை. என் கரும்பலகைக்கு முன்னால், என் வீட்டில், கொஞ்சம் மோசமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

குழு கூடியது. நடுவில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர், இளைஞர், படிப்பு முடித்துச் சீமையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நோயாளிக்குச் சுயநினைவு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான கேள்விகள்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

சொன்னேன்.

"இது என்ன இடம்?"

அதையும் சொன்னேன். மணந்ததே.

"நீர் எந்த நாட்டவர்?"

அந்தக் காலத்தில் தோட்டத்து மனிதனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. சுதந்திரம் வந்த கையோடு பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு, நாங்கள் இந்நாட்டவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கரையில் இந்தியாவைக் கேட்டால் அந்நாட்டவரும் இல்லை. நான் பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில். ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"அது இன்னும் முடிவாகவில்லை, டாக்டர்."

"ஆர் முடிவு செய்ய வேணும்?"

"இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிகளும். அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. "உம்மைப் பற்றியோ கதைக்கினம்?"

"என்னைப் பற்றியும்தான். என் மனைவி, மைத்துனன், தோட்டத்தில் எல்லாரையும் பற்றி."

"மைத்துனனையும் விடேல்லையோ. அப்ப அவை என்ன முடிவெடுப்பினம் எண்டு நினைக்கிறீர்?"

"பாதிப் பேரை இவர் எடுத்துக்கொள்வார், பாதிப் பேரை அவர் எடுத்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு இருக்கிறது."

மூன்று டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் வேகமாக எழுதினார். 'வாத்தியார் உண்மை பேசுகிறார். திருப்தியாக இல்லை' என்றார் இன்ஸ்பெக்டர். தம்மை மிகப் பெரிய ஆளாக எண்ணிக்கொள்ளும் பிரமை முற்றியிருக்கிறது என்று தீர்மானித்து, என்னை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். மின்சாரம் தொடர்ந்தது. தேநீரில் விஷம் இருப்பதாகச் சொன்னபோது பேதிமருந்தோடு விட்டார்கள். செய்தித்தாளில் வந்ததைச் சொன்னதற்கு வலிப்பு.

பாக்கியம் முதல் தடவை பார்க்க வந்தது அதன் பிறகு. மலையிலிருந்து ரயிலில் வந்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். என் கைகளைப் பார்த்தாள். நகங்கள் வளர்ந்து, அடியில் வார்டின் அழுக்கு முழுவதும் கறுப்பாக அடைந்து கிடந்தது. நகம் வெட்ட ஒரு பிளேடு கேட்டாள். காவலாளி உள்ளே பிளேடு கொடுக்கக்கூடாது என்றான். என் விரலை எடுத்து முந்தானையால் துடைத்து, வாயில் வைத்து, ஒவ்வொரு நகமாகக் கடித்துத் துப்பினாள், கைக்குழந்தைக்குச் செய்வதுபோல. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"டாக்டர்மாருகிட்ட என்னத்தச் சொன்னீங்க?" என்றாள், ஒரு நகத்தைத் துப்பிவிட்டு.

நடந்ததைச் சொன்னேன்.

"உள்ளதுதானே."

"அதுதான் வியாதியாம்."

அடுத்த விரலை எடுத்தாள். "அப்ப அவங்களுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லிட்டு வாங்க. ஊட்டுக்கு வந்து உள்ளதப் பேசிக்கலாம்."

இதற்கிடையில் ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது குரலை முழுக்க நிறுத்தவில்லை. அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டது. சந்தேகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதற்குப் பதிலாக நாக்கு உலர்ந்தது, கை நடுங்கியது, கடைவாயில் எச்சில் வழிந்தது. குழு மறுபடி கூடியது. அதே டாக்டர், அதே கேள்வி.

"நீர் எந்த நாட்டவர்?"

"இலங்கை, டாக்டர்."

"பிரதம மந்திரிமார்?"

"அவர்களுக்கு என்னைத் தெரியாது."

டாக்டர் எழுந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இரண்டு அரசாங்கங்கள் தர மறுத்த பிரஜாவுரிமையை எனக்கு ஒரு மனநோய் மருத்துவமனை வழங்கியது. பாக்கியமும் ராமையாவும் வந்து பொறுப்பேற்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மாத்திரையால் உடம்பு ஊதியிருந்தது. "ஆளு நல்லா ஆயிட்டாரு, கன்னமெல்லாம் வச்சிருச்சு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் சுகத்தை அளக்கிற கோல் கன்னம். வெயிலில் இறங்கினால் அந்தக் கன்னம் தீயில் சுட்டதுபோல் சிவந்து தோலுரிந்தது, அதுவும் மாத்திரையின் குணம். அரிவாள்மனையை ஒளித்துவைத்தார்கள். தேநீரை ஆற்றி, வெதுவெதுவென்று, தகரக் குவளையில் தந்தார்கள். என் பாடசாலையில் வேறொரு தற்காலிக வாத்தியார் இருந்தார். பதுளை டாக்டர் சரி என்று சொன்னால்தான் வேலை என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பியிருந்தார்.

இதையெல்லாம் பொறுக்கலாம். நான் என்ன சொன்னாலும் சரி என்றார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ராமையாவிடம், "மொனராகலையில் இந்த வருஷம் பனி பெய்ததாமே" என்றேன்.

அந்த வறண்ட காட்டில் மழையே அபூர்வம். ராமையா பதறாமல், "ஆமாங்க மச்சான், நல்லாப் பேஞ்சுச்சாம்" என்றான்.

சில்வாவின் உதட்டு ஈ ஞாபகம் வந்தது. அதே கட்டில்தான், மலைமேல் போட்டிருக்கிறார்கள்.

ஒரு காலையில் பீலியில் முகம் கழுவும்போது மாத்திரை சாத்திய அடுத்த அறைக் கதவு கொஞ்சம் திறந்துகொண்டது. 'வாத்தியார் முகம் கழுவுகிறார்' என்றார் பழைய நண்பர். "தெரியும் ஐயா, போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ராமையா பின்னால் வாளியோடு நின்றான்.

"அக்கா, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. பதுளையில காட்டி மறுபடி கீழ கொழும்புக்கு அனுப்பிரலாம். அங்கயாவது நல்லாப் பாத்துக்குறாங்க."

மறுநாள் மூவரும் பதுளைக்கு பஸ் ஏறினோம். மறுபடி அந்தப் போர்வை, அந்த ரப்பர்.

பதுளையில் இப்போது வயதான யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ராமையா பக்கம் திரும்பினார். "இவருக்கு என்ன செய்யுது?"

ராமையா வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் முன்னால் வந்தாள். "அவர்கிட்டயே கேளுங்க டாக்டரையா. இங்கதானே ஒக்காந்திருக்காரு."

டாக்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "சரி. நீரே சொல்லும். குரல் கேக்குதோ?"

இல்லை டாக்டர், என்ற பதிலைப் பஸ்ஸிலேயே தயாராக வைத்திருந்தேன். ஒரு தடவை அப்படித்தான் வெளியே வந்தேன். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தேன். எனக்காக ஒரு டாக்டர் முன்னால் அவள் வாய் திறந்திருக்கிறாள். அதன் மேல் பொய்யை வைக்க மனம் வரவில்லை.

"கேட்கிறது."

"என்ன சொல்லுது?"

"டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார் என்கிறது."

டாக்டர் தம் கையைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் சொல்லல?" என்றான் ராமையா.

"நீ சும்மா இரு" என்றாள் பாக்கியம். "டாக்டரையா, காலையில எந்திரிக்கிறாரு. வெறகு பொளந்து குடுக்குறாரு. கொழம்புல உப்பு பத்தலங்குறாரு, அதெல்லாம் பத்தும். பொழுதுக்கும் புஸ்தகம் படிக்கிறாரு. முந்தியும் இப்படித்தான் இருந்தாரு. சத்தம் கேக்குது. கேட்டுட்டுப் போகட்டும். லயத்துல எங்களுக்கெல்லாம் கேக்காத சத்தமா? கீழ அனுப்பாதீங்க. அங்க ஒடம்பத்தான் வளக்குறாங்க."

டாக்டர் என்னிடமே கேட்டார். "பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு முன்னாலை அந்தக் குரல் ஏதும் செய்யச் சொன்னால்?"

நியாயமான கேள்வி. என்னிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்ட நியாயமான கேள்வி என்றும் சொல்லலாம்.

"அது ஓர் இன்ஸ்பெக்டரின் குரல், டாக்டர். இன்ஸ்பெக்டர் சொன்னதை எந்த வாத்தியார் செய்திருக்கிறார்? சத்தம் கூடினால் நானே பஸ் ஏறி உங்களிடம் வந்துவிடுவேன். யாரும் கட்டிக்கொண்டு வர வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி மட்டும் மறுபடி நெற்றிக்கு ஏறியது. மாத்திரையைப் படுக்கப் போகும்போது குடிக்கும்படி மாற்றினார், காலையில் கை நடுங்காதிருக்க. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு, மதியம் வரைக்கும், பிறகு பார்ப்போம் என்றார். மாதம் ஒரு தரம் வந்து போக வேண்டும். "கீழை அனுப்பத் தேவையில்லை" என்றார், இந்தத் தடவை நேரே என்னைப் பார்த்து.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ராமையா முன்னால் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு கருவாட்டு மூட்டை, அதன் மேல் ஒரு மனிதர். பண்டாரவளை தாண்டி வளைவுகளில் பஸ் ஆடத் தொடங்கியதும் எங்கோ ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பாக்கியத்தின் முகம் வெளுத்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டாள்.

"இப்ப என்ன சொல்றாரு, ஒங்க இன்ஸ்பெக்டரு?"

காது கொடுத்தேன். "காற்று அடிக்கிறதாம். ஜன்னலை மூடச் சொல்கிறார்."

"மூடாதீங்க" என்றாள். "எனக்கு வாந்தி வருது."

நான் மூடவில்லை. ஹப்புத்தளை வரைக்கும் குளிர்காற்று எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டே வந்தது.